உடையுற சாமான் இருக்கா?

என் நாத்தனாரை நம்பி இந்த நகரமே தன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் மட்டும்தான் அவளை நம்பி ஒரு பால் பாத்திரத்தைக்கூட அடுப்பில் விட்டுப் போகமாட்டேன். பால் பொங்கி வழிந்தாலும், நான் வைத்த பால், நான்தான் இறக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். தனக்குச் சம்பந்தமில்லாததைத் தொடமாட்டாள். என் வீட்டுக்காரர் தன் தங்கையைப் பற்றி இதைப் பெருமையாகச் சொல்வார். இதெல்லாம் பெருமையா, அடுப்பை யார் துடைப்பது என்று நான் கேட்பேன்.

வருஷா வருஷம் அந்த நாளில் நாங்கள் இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்குப் போகிறோம். அந்த வியாழன் என்று சொன்னால் நாட்டில் யாரும் எந்த வியாழன் என்று திருப்பிக் கேட்பதில்லை. காலையில் ஒரு நிமிஷம் எல்லா ரயிலும் நிற்கும், எல்லா மனிதர்களும் நிற்பார்கள். ஒலிபெருக்கிக்காரர்கூட வாயை மூடிக்கொள்வார். சுவரில் பதித்த கல்லில் என் வீட்டுக்காரரின் பெயர் இருக்கிறது. நான் அதை விரலால் தொட்டுப் பார்ப்பேன். அவள் கல் பக்கம் திரும்பவே மாட்டாள். கிளாக் ரூம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

பலகையில் 'பயணிகள் உடைமைப் பாதுகாப்பு அறை' என்று எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்? எல்லோருக்கும் அது கிளாக் ரூம். என் நாத்தனாருக்கு அங்கேதான் வேலை. நீளமான அறை, முன்னால் அரைக்கதவு, அதன்மேல் ஒரு மரப்பலகை. பெட்டிகள் உரசி உரசி அந்தப் பலகை வழுவழுவென்று ஆகியிருக்கும். உள்ளே இரும்புத் தட்டுகள். மேல்தட்டு தலைக்கு மேலே. ஒரு முக்காலியில் ஏறி நின்று, பையை இரண்டு கையாலும் தூக்கித் தள்ள வேண்டும். கீழ்த்தட்டு இடுப்புயரம். அதில் இடம் கொஞ்சம்தான், ஆகவே உடைகிற சாமானுக்கு மட்டும். பித்தளை டோக்கன் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்றைப் பையில் நூலால் கட்டுவாள், ஜோடியை உங்கள் கையில் கொடுப்பாள். டோக்கனைக் கொண்டு வந்தால் பை. டோக்கன் இல்லையா, மந்திரியே வந்தாலும் பை கிடையாது.

பெயர் கேட்கமாட்டாள். எந்த ஊர், எங்கே போகிறீர்கள், உள்ளே என்ன, எதுவும் கேட்கமாட்டாள். ஒரே ஒரு கேள்விதான். "உடையுற சாமான் இருக்கா?" இல்லை என்றால் மேல்தட்டு. இருக்கு என்றால் கீழ்த்தட்டு. அதோடு சரி. இருக்கு என்று சொன்னவர்களிடம் என்னது என்றுகூடக் கேட்டதில்லை. ஒருமுறை ஒரு மீசைக்காரர், "என் மனசுதாம்மா, பார்த்து வெச்சுக்கோ" என்று வழிந்திருக்கிறார். "அதைக் கையோட எடுத்துட்டுப் போங்க, கீழ்த்தட்டு காலியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாளாம். வரிசையில் இருந்தவர்கள் சிரித்ததை என் வீட்டுக்காரர் நடித்தே காட்டினார்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. நகரத்தில் பாதி வீட்டுக்குள் போய் வருகிற மனுஷன், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு கதையாவது எனக்குச் சொன்னாரா? கேட்டால், "மீட்டரைத்தான் பார்த்தேன்" என்பார். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. சின்ன வயதில் அவர் எதை ஒளித்து வைத்தாலும் தங்கையிடம்தான் கொடுப்பாராம். அப்பா எவ்வளவு மிரட்டினாலும் அவள் வாயைத் திறக்கமாட்டாளாம். இப்படி இரண்டு ஊமைகளுக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டு, மூன்று பேர் பேச வேண்டியதை நான் ஒருத்தியே பேசித் தீர்த்தேன். அதனால்தான் எனக்கு வாய் நீளமாகிவிட்டது என்று சொன்னால் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அந்த அறைக்குப் போய்விடுவேன். அரைக்கதவுக்குப் பின்னால், யாரோ எப்போதோ விட்டுப்போன ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வேன். தோல் நாற்றம், மழையில் நனைந்த துணி நாற்றம், யாருடைய பையிலோ பழுத்துக்கொண்டிருக்கும் பழத்தின் வாசனை, எல்லாம் கலந்து அடிக்கும். அவர் வெளியே பலகையில் கையூன்றி நிற்பார். மூன்று பேரும் டீ குடிப்போம். வண்டி வரும், போகும். அவசரமாக ஓடி வருகிற ஆட்களைப் பார்த்து இவருக்கு வண்டி கிடைக்குமா கிடைக்காதா என்று நானும் அவரும் பந்தயம் கட்டுவோம். அவள் கட்டமாட்டாள். அடுத்தவர் வண்டி நமக்கெதுக்கு என்பாள். வேறு எந்தச் சந்தோஷத்தையும் நான் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கவில்லை.

கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம், "இத்தனை பெட்டியை யார் பாத்துக்குவா?" என்று தட்டிக் கழித்தாள். நானும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். தன் விஷயத்திலும் அவள் அழுத்தக்காரிதான். ஒருமுறை யாருடைய இரும்புப் பெட்டியையோ மேல்தட்டில் ஏற்றும்போது வலது தோள் பிசகிவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலையை விடு என்று நான் ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். பல மாதம் கழித்து, அவள் இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்ததை நான் பார்த்துப் பிடித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் என் வீட்டில் எல்லாமே தலைகீழாகிவிட்டிருந்தது.

அந்த வியாழனுக்கு முந்தின வாரம் நான் ஒரு கண்ணாடி ஜாடியை உடைத்திருந்தேன். தவறி விழுந்தது என்று ஊருக்குச் சொல்லலாம். கோபத்தில் நானே போட்டுடைத்தது. என்ன சண்டை என்பதுகூட இன்று மறந்துவிட்டது. அவருடைய அம்மா கொடுத்த ஜாடி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து, "கால்ல குத்திக்காதே, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டுக் கூட்டி அள்ளினார். அந்த ஒரு வாரமும் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

வியாழன் காலையில் அவருக்கு நகரத்துக்கு வெளியே கணக்கெடுக்கிற முறை. நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். அப்படிப்பட்ட நாளில் சுமை எதற்கு என்று பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போவார். வரிசையில் நின்றுதான் கொடுப்பார், டோக்கன் வாங்கித்தான் போவார். தங்கை என்று சலுகை கிடையாது, அவரும் எதிர்பார்த்ததில்லை. அன்றும் கொடுத்துவிட்டு நடைமேடைக்குப் போயிருக்கிறார். அங்கே பெஞ்சுக்கு அடியில் யாரோ ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி நான் சொல்வதில்லை. எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். கிளாக் ரூமில் கண்ணாடி எல்லாம் நொறுங்கி, மேல்தட்டுப் பைகள் சரிந்து விழுந்தன. கீழ்த்தட்டில் ஒன்றும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தது அவருடைய அடையாள அட்டை, ஒரு சீப்பு, அந்தப் பித்தளை டோக்கன்.

வந்தவர்கள் எல்லாம் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகு என் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுவே ஆத்திரமாக இருந்தது.

"அண்ணி, அண்ணனோட பை என்கிட்ட இருக்கு. டோக்கன் உங்ககிட்ட இருக்கு. எப்ப தோணுதோ அப்ப வந்து எடுத்துக்குங்க. உடையுறது இருக்குன்னு சொன்னான். கீழ்த்தட்டுலதான் வெச்சிருக்கேன்."

உடைகிறது இருக்கிறது. எனக்கு உடனே ஜாடிதான் ஞாபகம் வந்தது. மனுஷன் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, அதே மாதிரி ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் கொண்டு வந்து மேசைமேல் வைத்திருப்பார், ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். நான் போய் அந்தப் பையை எடுக்கவில்லை. எடுத்துத் திறந்துவிட்டால் அவர் எனக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் கொடுத்து முடிந்துவிடும். திறக்காதவரை ஒன்று பாக்கி இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. டோக்கனை என் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஒருநாள்கூட எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் சுபாவம் எனக்குச் சௌகரியமாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு நாடே மாறிப்போனது. மூலைக்கு மூலை துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். அடையாள அட்டை இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது போல ஆயிற்று. நிலையத்தில் சுமை தூக்குகிற ஒருவரைச் சந்தேகத்தின்பேரில் கூட்டிப்போய், என்ன ஏது என்று சொல்லாமலே வெகுநாள் வைத்திருந்து, அப்புறம் தவறு நடந்துவிட்டது என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் தன் மூலையில் உட்கார்ந்திருந்ததை நாத்தனார் வந்து சொன்னாள். எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. யாரைப் பிடித்தாலும், எதைச் சோதித்தாலும், நன்றாகச் செய்யட்டும் என்றுதான் இருந்தது.

குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்களைக் கூப்பிட்டு ஒரு பெரிய மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். என் முறை வந்தது. எனக்கா பேசத் தெரியாது? மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பையையும் திறக்க வேண்டும், விதிவிலக்கே கூடாது, ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டேன். மண்டபம் முழுக்கக் கைதட்டல். கடைசி வரிசையில் என் நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் யாரும் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதில்லை, பூட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் குண்டு வைக்கிறவர்களும் இல்லை என்றாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்தக் குண்டுப் பையை அவன் உன்கிட்ட கொடுத்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? உடையுற சாமான் இருக்கான்னு கேட்டுட்டு, பத்திரமா கீழ்த்தட்டுல வெச்சிருப்ப."

அவள் தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள் நானே இறங்கி வந்து, நீ பட்டினி கிடந்தால் யாருக்கு லாபம் என்று திட்டிக்கொண்டே பரிமாறினேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னது பொய்யும் இல்லையே.

நான் கேட்டபடியே வந்தது. நிலைய வாசலில் ஸ்கேனர் வைத்தார்கள். ஒருமுறை ஒரு பைக்குள்ளிருந்து துப்பாக்கியும் தோட்டாக்களும் அகப்பட்டன. அன்று நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அந்தப் பைக்காரன் நேராக கிளாக் ரூமுக்குத்தான் போக இருந்தானாம். நாத்தனார் இதை ஒளிக்காமல் அவளே வந்து சொன்னாள். "நீங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு அண்ணி" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி வந்ததில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

போதாக்குறைக்கு இன்னொரு உத்தரவு வந்தது. கிளாக் ரூமில் பை வைப்பவர்கள் பெயர், விலாசம், வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கிற பை என்றால் வீட்டுக்கு ஃபோன் போட்டு விசாரிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். என் வீட்டுக்காரரின் பையைப் பற்றி நாத்தனார் சொன்னதும், அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி சின்னதாக ஒரு நீலப் பையை வெகுநாளாக மேல்தட்டில் வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை வருவாள், பை இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பாள், டோக்கனைப் புதுப்பித்துக்கொண்டு போவாள். ஒருநாளும் கீழே இறக்கச் சொன்னதில்லை. என்ன, ஏன் என்று நாத்தனார் கேட்டதுமில்லை. அதிகாரி விதிப்படி வீட்டுக்கு ஃபோன் போட்டார். எடுத்தது புருஷன். மறுநாள் அவனே வந்தான். டோக்கன் இல்லாமல் தரமாட்டேன் என்று இவள் எவ்வளவோ நின்று பார்த்திருக்கிறாள். அதிகாரி, குடும்பத்து ஆள்தானே, கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவன் பலகைமேல் வைத்தே பையைத் திறந்திருக்கிறான். அவளுக்கு மாற்று உடை, படிப்புச் சான்றிதழ்கள், ஒரு குழந்தையின் சட்டைகள். அவன் பையை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான். டீச்சர் அதற்கப்புறம் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். "குழந்தை சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருந்தா அண்ணி" என்றாள். நான் குண்டு வைக்கிறவனைப் பிடிக்கத்தான் கேட்டேன். ஒரு பெண் தப்பித்துப் போக வைத்திருந்த துணியை அவள் புருஷனிடம் காட்டிக்கொடுக்கக் கேட்கவில்லை. ஆனால் வந்த உத்தரவில் இரண்டும் சேர்ந்துதான் வந்திருந்தது. அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று நான் இன்றும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

இன்றைக்கு என்னைக் கேட்டாலும் வாசலில் ஸ்கேனர் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். அவளைக் கேட்டால் தலையாட்டிவிட்டு, ஃபோன் எதற்கு என்பாள். இந்த வாதம் எங்கள் வீட்டில் ஓய்ந்ததே இல்லை. தொலைக்காட்சியில் யாராவது பாதுகாப்பு என்று வாயைத் திறந்தால் போதும், இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவோம்.

கடைசியில் கிளாக் ரூமையே மூடுவது என்று முடிவாயிற்று. டோக்கன் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காத பையை எல்லாம் ஸ்கேனரில் போட்டு, பூட்டை உடைத்துத் திறந்து, அப்புறப்படுத்திவிடுவார்கள். நாத்தனார்தான் வந்து சொன்னாள். அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அலமாரியைத் திறப்பேன், டோக்கனைத் தொட்டுவிட்டு மூடுவேன். போகாவிட்டால் யாரோ ஒருத்தர் கையுறை மாட்டிக்கொண்டு அவர் பையைக் கிழிப்பார். போனால் என் பாக்கி தீர்ந்துவிடும். என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை போனேன். தட்டுகள் எல்லாம் காலியாகி அறை பெரிதாகத் தெரிந்தது. கீழ்த்தட்டில் அவர் பை மட்டும் இருந்தது. பழுப்பு நிறம், கைப்பிடியில் நான் தைத்துக் கொடுத்த ஒட்டு. தூசி இல்லை. தினமும் துடைத்திருக்கிறாள். வரிசையில் நின்று டோக்கனைக் கொடுத்தேன். அவள் இரண்டு டோக்கனையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். எண் சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, பையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டவள், எண்ணைச் சரிபார்க்காமல் தரவில்லை பாருங்கள்.

எடுத்துப் போகிற பையையும் ஸ்கேனரில் போட வேண்டும் என்பது விதி. அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உங்கள் குடும்பத்துக்கு இதெல்லாம் வேண்டாம், அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எனக்கு மண்டபமும் மைக்கும் ஞாபகம் வந்தது. டீச்சரின் நீலப் பையும் ஞாபகம் வந்தது. அவளுக்கு யார் விதிவிலக்குக் கொடுத்தார்கள்?

"எல்லாப் பையையும்னு மைக்ல சொன்னவ நான். இதையும் போடுங்க."

வேண்டாம் அண்ணி என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். நான் காதில் வாங்காமல் பெல்ட்மேல் வைத்தேன். கொஞ்சம் வீம்பு, ஆனால் வீம்பு மட்டும் இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அதுவும் விதி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உடைகிற சாமான் இருக்கிறது என்றேன். அதிகாரி திரையைப் பார்த்தார். பெல்ட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தார்.

"கண்ணாடி, பீங்கான் எதுவும் இல்லையேம்மா. துணி, குடை, ஒரு சோப்பு டப்பா. அவ்வளவுதான்."

நான் அங்கேயே பையைத் திறந்தேன். மாற்றுச் சட்டை ஒன்று. துண்டு. வியர்வை நாற்றத்தோடு வீட்டுக்கு வரக்கூடாது என்று நான் நச்சரித்ததால், சாயங்காலம் நிலையத்திலேயே முகம் கை கால் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வருவார், அதற்கான சோப்பு. மடக்குக் குடை. பக்க உறைகளில் கையை விட்டுத் துழாவினேன். அடித்துணியைத் தடவிப் பார்த்தேன். ஜாடியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. இத்தனை வருஷம் நான் துணிக்கு அடியில் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் இல்லை, அவர் தங்கை இருந்தாள்.

"பாத்தியா? கூடப் பொறந்தவனே உன்கிட்ட பொய் சொல்லியிருக்கான். நீ ஊரையெல்லாம் நம்பிட்டு உக்காந்திருந்தே."

அவள் முதலில் திறந்து கிடந்த பையைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி அறைக்குள் மேல்தட்டைப் பார்த்தாள், அதன் கீழே கிடந்த முக்காலியைப் பார்த்தாள், கீழ்த்தட்டைப் பார்த்தாள். இடது கை தானாகப் போய் வலது தோளைப் பிடித்துக்கொண்டது.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணி" என்றாள்.

"என்ன தெரிஞ்சிருக்கு?"

"என் தோள். அந்த வாரம்தான் பிசகிச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். வரிசையில நின்னு பாத்துட்டே இருந்திருக்கான். இல்லைன்னு சொல்லியிருந்தா நான் இந்தப் பையை மேல தூக்கணுமே."

சொல்லிவிட்டு அவள் பலகைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அந்த வியாழன் அழாத அழுகை. அதிகாரி திரையை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவள் முதுகைத் தடவினேன். எனக்கென்று ஒரு ஜாடி இல்லை என்பதில் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தங்கை மறைத்ததை அண்ணன் கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடித்ததை மறைத்திருக்கிறார். இரண்டு ஊமைகள். கடைசிக் காலையிலும் ஒருவரிடம் ஒருவர் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அறையைப் பூட்டிச் சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். சாயங்கால வண்டிக்குக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்று யாரோ ஒருவரைப் பார்த்து என் வாய் தானாக முணுமுணுத்தது. "கிடைச்சிரும்" என்றாள். முதல் தடவையாக அவள் பந்தயம் கட்டினாள்.

படிக்கட்டில் இறங்கும்போது, பழக்க தோஷத்தில் என் கையிலிருந்த பையை வாங்கப் பார்த்தாள். இத்தனை நாள் நான் வெச்சிருந்தது, வீடுவரைக்கும் நானே கொண்டுவர்றேன் என்றாள். வலது கையைத்தான் நீட்டினாள்.

"விடு" என்றேன். "உடையுற சாமான் இருக்கு. நானே தூக்கிக்கிறேன்."